மணித்தியாலச் சீட்டு

1

ராணி மாமி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்கு ஒஸ்லோவின் ரொம்மனில் மண்டபம் எடுத்தார்கள். ஊரில் இருப்பவர்கள் இதை நம்பமாட்டீர்கள் என்பதால் விபரமாகவே எழுதுகிறேன். அங்கே ஒருவர் பென்சனுக்குப் போனால் கந்தோரில் ஒரு மாலை, இரண்டு பேச்சு, ஒரு சுவர்க்கடிகாரத்தோடு காரியம் முடிந்துவிடும். இங்கே சாமத்தியவீட்டுக்குக் குறையாமல் செய்கிறார்கள். மேடை, நிறவிளக்கு, வீடியோக்காரர், மூன்று தட்டுக் கேக். கேக்கின் உச்சியில் சீனியில் செய்த தாதித் தொப்பி. மாமி ஒருநாளும் தாதியாக இருந்ததில்லை. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராக இருந்தவர். இந்த நாட்டில் தாதிகள் தொப்பி போட்டு நான் கண்டதும் இல்லை. ஆனால் படத்தில் எடுப்பாக இருந்தது. ஊருக்கு அனுப்பப்போகிற படம் அல்லவா.

ராணி மாமி என் அப்பாவின் தங்கை. அவரும் அம்மாவும் ஒஸ்லோவில் ஒரே முதியோர் இல்லத்தில், ஒரே வார்டில், ஏறக்குறைய ஒரே காலத்தில் வேலை தொடங்கியவர்கள். மாமிக்கு அம்மாவைவிட ஒரு வயது அதிகம். மாமி மேடையில் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது அம்மா மண்டபத்தின் கழிப்பறையில் சேலை உடுத்திக்கொண்டிருந்தார். பகல் வேலை முடித்து நேரே வந்திருந்தார். வலது தோள் உயராது. முந்தானையை நான்தான் எடுத்துப் போட்டுவிட்டேன்.

எங்கள் மேசையில் ரெஜினா அன்ரி இருந்தார். மன்னார்க்காரி, அம்மாவோடும் மாமியோடும் அதே வார்டில் மூன்றாவது ஆளாக இருந்தவர். கூடவே ராணி மாமியின் கணவரான மாமாவின் தம்பி, கனடாவில் ஒரு பள்ளிச் சபையில் வேலை செய்கிறவர், விழாவுக்கென்றே வந்திருந்தார்.

"அங்கை எங்களுக்கு வருசம் வாங்கலாம் அக்கா," என்றார் அவர், அம்மாவைப் பார்த்து.

"வருசத்தை வாங்கிறதோ?"

"ஓம். மனிசி பிள்ளைப்பேறுக்கு நிண்ட காலம், இடையிலை விட்டுப்போன காலம், அதுகளுக்குக் காசைக் கட்டினால் பென்சன் கணக்கிலை சேர்ப்பாங்கள். கடையிலை சாமான் வாங்கிற மாதிரித்தான்."

"அப்ப எனக்கொரு இருபது வயசை வாங்கி அனுப்பிவிடுங்கோ தம்பி," என்றார் ரெஜினா அன்ரி. "பாவிச்சதெண்டாலும் பரவாயில்லை."

மேசை முழுவதும் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. வீடு திரும்பும்போது சுரங்க ரயிலில் நாலு தரிப்பு கழிந்தது. பிறகு கேட்டார்:

"எனக்கு எத்தினை வருசம் கிடக்கெண்டு ஒருக்காப் பார் பிள்ளை."

2

நான் பட்டியல் போடுகிறவள். இந்த நகரத்தின் நீர்விநியோகப் பிரிவில் பொறியியலாளர். எந்தக் குழாய்க்கு எத்தனை வயது, எது கசிகிறது, எதை முதலில் தோண்டவேண்டும் என்று பட்டியல் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆகவே இதையும் பட்டியலாகச் சொல்கிறேன்.

ஒன்று: நகரசபையில் வேலை செய்பவருக்கு அரச பென்சனுக்கு மேலாக ஓர் ஓய்வூதிய நிதியம் உண்டு. சம்பளத்தில் சிறு வீதத்தை மாதாமாதம் கழிப்பார்கள்.

இரண்டு: அந்தப் பென்சன் எவ்வளவு என்பதை, எத்தனை வருடம் வேலை செய்தீர்கள் என்பது தீர்மானிக்கும். முப்பது வருடம் என்றால் முழுமை.

மூன்று: அம்மா வேலை தொடங்கிய காலத்தில் ஒரு விதி இருந்தது. நிரந்தர இடமில்லாமல், கூப்பிட்டால் வந்து வேலை செய்கிற ஆட்களுக்கு, காலாண்டு காலாண்டாகப் பார்ப்பார்கள். வாரம் பதினான்கு மணித்தியாலம் என்ற சராசரியைத் தாண்டினால் அந்த மூன்று மாதமும் சேரும். பதின்மூன்று என்றால் சேராது. பாதி சேராது, கால் சேராது, ஒன்றுமே சேராது.

நான்கு: அந்த விதியைப் பிற்காலத்தில் எடுத்துவிட்டார்கள். எடுத்தவர்கள் பழைய வருடங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நிதியத்தின் இணையத்தளத்தில் அம்மாவின் பக்கத்தைத் திறந்தேன். அவருடைய சேவைக்காலம், அவருக்கு நிரந்தர இடம் கிடைத்த நாளிலிருந்து தொடங்கியிருந்தது. அதற்கு முந்திய பத்து வருடங்களுக்கு மேல், அந்த வார்டின் ஒவ்வொரு கட்டிலையும் அவர் தூக்கி இறக்கிய பத்து வருடங்கள், திரையில் வெள்ளையாக இருந்தன.

அம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. இந்தக் கோடைக்கு முன் வேலையை விடவேண்டும். தோளுக்கு ஓய்வு தவிர வேறு மருந்தில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆனால் இருக்கிற வருடங்களுக்குக் கிடைக்கும் பென்சனில் வீட்டுக் கடனையும் கட்டடத்தின் மாதக் கட்டணத்தையும் கட்டினால் மிச்சம் மின்சாரத்துக்கும் காணாது. அப்பா வடக்கே பாட்ஸ்பியோர்டில் மீன் வெட்டி, ஒஸ்லோவில் டாக்சி ஓட்டி, பென்சன் வயதைக் காணாமலே போய்விட்டார். நான் மாதாமாதம் தருகிறேன் என்றேன்.

"நான் பிச்சை கேக்கேல்லை," என்றார் அம்மா. "நான் செய்த வேலையைத்தான் கேக்கிறன். கட்ட வேணுமெண்டால் கட்டுறன். அவங்கள் கனடாவிலை வாங்கிறாங்கள்தானே."

அடுத்த வாரமே சீட்டை எடுத்துவிட்டார். ஒஸ்லோவின் ஸ்தோவ்னரில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து பிடிக்கிற சீட்டு. அம்மா எப்போதும் கடைசியாக எடுக்கிறவர், முந்தி எடுப்பதற்காகத் தொகையில் கழிவு கொடுக்கமாட்டார். இந்தமுறை பெரிய கழிவு கொடுத்து முன்னுக்கு எடுத்தார். நான் பிறகுதான் அறிந்தேன்.

3

அந்த வெள்ளை எப்படி வந்தது என்பதைச் சொல்லவேண்டும். அம்மா வேலையில்லாமல் இருந்ததால் வந்தது அல்ல.

மூன்று பெண்கள். மூவருக்கும் நிரந்தர இடம் இல்லை. மூவரும் தொலைபேசி அருகில் இருந்து, கூப்பிட்டால் ஓடுகிறவர்கள். வார்டுப் பொறுப்பாளர் ஒரு நோர்வேஜியப் பெண். இவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு முடியாதென்றால் அடுத்தவர் நிச்சயம் வருவார் என்பதை விரைவிலேயே கண்டுகொண்டார். பிறகு கூப்பிடுவதையே விட்டுவிட்டார். மாதத் தொடக்கத்தில் ஆள் இல்லாத ஷிப்டுகளை ஒரு தாளில் எழுதி ஊழியர் சமையலறை மேசையில் வைப்பார். "நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்." நத்தார் என்றாலும் ஈஸ்டர் என்றாலும் அந்த வார்டில் ஆள் குறைந்ததில்லை.

பிரித்துக்கொண்டார்கள். சமமாகப் பிரித்திருந்தால் மூவருக்கும் ஒவ்வொரு காலாண்டும் சேர்ந்திருக்கும். அப்படிச் செய்ய அவர்களுக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் இந்த நாட்டில் எதற்குப் போனாலும் சம்பளத்துண்டு கேட்பார்கள், அதுவும் கடைசி மாதங்களுடையது. வீட்டுக்குக் கடனா, காட்டு. கணவனைக் கூப்பிடவேண்டுமா, காட்டு. மூன்றாகப் பிரித்த மெலிந்த துண்டை வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காது. ஆகவே சேர்த்துக் கொடுத்தார்கள். இந்தக் காலாண்டு உனக்கு, அடுத்தது அவளுக்கு. யாருக்குத் தேவையோ அவருக்குப் பெரிய பங்கு, மற்ற இருவருக்கும் தூறல். ரெஜினா அன்ரி அதற்கு மணித்தியாலச் சீட்டு என்று பெயர் வைத்தார். அதைப் பிடித்து நடத்தியவர் அம்மா.

சீட்டு என்று சொன்னாலும் அம்மாவின் மனதில் இருந்தது கிணறு என்று நினைக்கிறேன். ஊரில், உரும்பிராயில், அவருடைய வீட்டுக்குப் பங்குக் கிணறு. நாலு பங்காளிகள், ஆளுக்கொரு நாள் இறைப்பு முறை. ஒருவருடைய வெங்காயம் வாடினால் அடுத்தவர் தன் முறையை விட்டுக்கொடுப்பார். அது பிறகு திரும்பி வரும். வராவிட்டால் ஒழுங்கை முழுக்கக் கதைக்கும். விட்டுக்கொடுத்த முறை அப்படியே இல்லாமல் போய்விடும் என்று யாரும் நினைத்ததில்லை. நினைக்க இடமும் இல்லை. கிணறு அங்கேயே இருக்கிறது, ஆட்களும் அங்கேயே இருக்கிறார்கள்.

ரெஜினா அன்ரி தன் மகளின் பல்வரிசைக்குக் கம்பி போடுவதற்கும் வீட்டுக் கடனுக்கும் எடுத்தார். அம்மா எங்கள் வீட்டுக் கடனுக்கு எடுத்தார். ராணி மாமிக்குத்தான் பெரிய தேவை. மாமா கொழும்பில் ஒரு அறையில் காத்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட ஒரு முழு வருட வருமானம் காட்டவேண்டும். அம்மா நாலு காலாண்டையும் தொடர்ச்சியாக மாமிக்கே கொடுத்தார்.

மாமா வந்து சேர்ந்தார். ஒரு வருடம் இடைவெளியில்லாமல் வேலை செய்தவர் என்ற கணக்கில் மாமிக்கு நிரந்தர இடமும் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அவருடைய ஒவ்வொரு நாளும் நிதியத்தில் பதிவு.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது இருக்கும். அம்மா பொங்கல் பொங்கினார். "அவவுக்குக் கிடைச்சால் எனக்குக் கிடைச்ச மாதிரித்தான்," என்று சொன்னது நினைவிருக்கிறது. அது எவ்வளவு பிழையான கூற்று என்பதைச் சரிபார்க்க எனக்கு இருபது வருடங்களுக்கு மேல் எடுத்தது.

4

நிதியத்தோடு வீடியோச் சந்திப்பு. அம்மா தலை இழுத்து, பொட்டு வைத்து, காதுக்குத் தோடு மாற்றி வந்து என்னருகில் உட்கார்ந்தார். திரையில் என் வயதுள்ள ஓர் இளைஞர். நல்லவர். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த நாட்டில் கதவு சாத்துகிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள்.

அம்மாவின் நோர்வேஜிய மொழி உடம்பைப் பற்றியது. எங்கே வலிக்கிறது, மறுபக்கம் திரும்புங்கள், இன்னும் ஒரு வாய். அதில் அவர் என்னைவிடச் சரளம். இருபது வருடத்துக்கு முன் நடந்ததை விளக்க அந்தச் சொற்கள் போதவில்லை.

"இந்தக் காலாண்டுகளில் உங்கள் மணித்தியாலங்கள் மிகக் குறைவு," என்றார் இளைஞர். "உடல்நலம் சரியில்லாமல் இருந்ததா?"

"இல்லை. நல்ல சுகம்."

"வேலை கொடுக்கவில்லையா?"

"கொடுத்தார்கள். நான் கொடுத்துவிட்டேன்."

"யாருக்கு?"

"யாருடைய முறையோ அவருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். சமையலறை மேசை, தாள், சீட்டு எல்லாம். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "இது மிக அழகான விஷயம்," என்றார். உண்மையாகவே நெகிழ்ந்திருந்தார். அந்த அழகைக் காலாண்டாக மாற்ற முடியுமா என்று நான் கேட்கவில்லை. சந்திப்புக்கு முன் அமைதியாகப் பேசுவது என்று எனக்கு நானே ஒரு விதி போட்டிருந்தேன்.

பிறகு நல்ல செய்தி சொன்னார். அம்மா மணித்தியாலச் சீட்டு எடுத்த சில காலாண்டுகள் விதிப்படி சேர்ந்திருக்கவேண்டியவை. இல்லத்தின் அலுவலகம் பதியத் தவறிவிட்டது. அம்மா தன் பங்கு வீதத்தைக் கட்டினால் இப்போதும் சேர்க்கலாம். தொகையைக் கணித்துச் சொன்னார். ஒரு நல்ல குளிர்கால மேலங்கியின் விலை.

அம்மா என் கையைத் தட்டினார். "அவ்வளவுதானோ? மிச்சத்துக்கு எவ்வளவெண்டு கேள்."

கேட்டேன்.

"மிச்சக் காலாண்டுகளுக்கு விலை இல்லை," என்றார் இளைஞர். "அவற்றை வாங்க முடியாது. வேலை செய்து சம்பாதிக்க மட்டும்தான் முடியும்."

"காசு இருக்கெண்டு சொல்லு பிள்ளை. சீட்டுக்காசு முழுக்கக் கிடக்கு. இப்பவே கட்டலாமெண்டு சொல்லு."

சொன்னேன். "இது பணம் சம்பந்தப்பட்டதல்ல," என்றார் அவர். இந்த நாட்டில் இந்த வசனத்தைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். பணமில்லாத ஒருவர் சொல்லி இன்னும் கேட்கவில்லை.

ஆனால் ஒரு வழியை அவரே யோசித்துச் சொன்னார். அந்த ஏற்பாடு பொறுப்பாளருக்குத் தெரிந்து, அவருடைய வசதிக்காகவே நடந்தது என்றால், மூன்று பேருக்கும் உண்மையில் தொடர்ச்சியான வேலை இருந்தது என்று வாதாடலாம். பொறுப்பாளர் இப்போது உயிரோடு இல்லை. கூட வேலை செய்தவர்கள் இருவரும் எழுதிக் கொடுத்தால் தான் மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். உறுதி சொல்லமுடியாது.

"ரெண்டு பேர்தானே," என்றார் அம்மா, திரை அணைந்த பிறகு. "ரெண்டும் எங்கடை ஆக்கள்." அன்று மத்தியானம் தோளுக்குப் போடுகிற குளிசையைக்கூட மறந்துபோய்ச் சமைத்தார்.

5

தம்பி அகிலனுக்குப் போன் செய்தேன். அவன் இங்கே பிறந்தவன். வடக்கே ஹம்மர்பெஸ்டில் எரிவாயு ஆலையில் வேலை. என்னோடு நோர்வேஜிய மொழியில்தான் கதைப்பான். அம்மாவோடு தமிழில் மூன்று வசனம்: சாப்பிட்டீங்களா, குளிரா, சரி வைக்கிறேன்.

"அம்மா அந்த நேரம் தாரிஃப் ஒப்பந்தத்தை வாசிக்கவில்லையா?" என்று கேட்டான். தொழிற்சங்க ஒப்பந்தத்தைச் சொல்கிறான். குற்றம் சொல்லவில்லை. ஒரு வால்வை ஏன் மூடவில்லை என்று கேட்கிற குரல் அது. என்னிடமும் அந்தக் குரல் உண்டு.

பிறகு, "எவ்வளவு வேண்டும் என்று சொல், மாதம் முதலாம் திகதி தானாகவே போகிற மாதிரி வங்கியில் போட்டுவிடுகிறேன்," என்றான். அம்மாவிடம் சொன்னேன்.

"நானென்ன அவனுக்கு வாடகை வீடோ?" என்றார். அதற்குப் பிறகு அவனைப் பற்றி அந்த வாரம் முழுவதும் கதைக்கவில்லை.

6

ரெஜினா அன்ரி அன்றே எழுதித் தந்தார். "இன்னும் ரெண்டு பக்கம் வேணுமெண்டாலும் எழுதுவன். அந்தப் பொறுப்பாளர் மனிசி லீவிலை போகேக்கை எங்களுக்குச் சொக்கிளேற் வாங்கித் தந்ததையும் போடவோ?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

ராணி மாமி வீட்டுக்கு நான் தனியாகப் போனேன். மாமி யாழ்ப்பாணம் போகச் சூட்கேஸ் அடுக்கிக்கொண்டிருந்தார். பென்சனுக்குப் பிறகு குளிர்காலம் முழுவதும் அங்கே நிற்கிற திட்டம்.

"ஒரு பக்கம் காணும் மாமி."

"என்னத்தை எழுதுறது?"

"நடந்ததை. மூண்டு பேரும் முறை போட்டுச் செய்தது. அது பொறுப்பாளருக்குத் தெரியும் எண்டது."

மாமி ஒரு துவாயை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார். "அப்ப என்னட்டையும் கேப்பாங்கள். நாலு காலாண்டை ஒரேயடியா எடுத்தனீங்கள், அது ஆற்றை வேலையெண்டு கேப்பாங்கள்."

"உங்கடை வேலைதானே. நீங்கள்தானே செய்தனீங்கள்."

"செய்தனான். நாரி முறியச் செய்தனான். எண்டாலும் பென்சன் வரத் தொடங்கின பிறகு அந்தக் காயிதத்தை ஒருத்தரும் கிளறப்படாது. நாளைக்கு நிப்பாட்டினால் ஆர் தாறது, நீயோ?"

"அம்மா தன்ரை முறையைத் தராட்டி மாமா வந்திருக்கேலாது."

பக்கத்து அறையில் தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தது. மாமா இருமவில்லை, எழுந்து வரவும் இல்லை. சத்தத்தை மட்டும் குறைத்தார்.

"நான் இல்லையெண்டு சொல்லேல்லையே. கோயிலுக்குப் போனால் கொம்மான்ரை பேரிலையும் ஒரு அர்ச்சனை செய்யாமல் நான் வந்ததில்லை. கேட்டுப் பார்."

"அர்ச்சனைக்கு நிதியத்திலை காலாண்டு தாறாங்களில்லை மாமி."

சொன்ன பிறகு அது நல்ல வசனம் என்று எனக்குத் தோன்றியது. மாமி துவாயைக் கட்டிலில் வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். அவரிடம் அதைவிட நல்ல வசனம் இருந்தது.

"சரி. நான் நாலு எடுத்தன். ரெஜினா தன்ரை பங்கை எடுத்தவ. பிறகு நான் நிரந்தரமாகிப் போட்டன், ரெஜினா பாலர் பாடசாலைக்கு மாறிப் போட்டா. அதுக்குப் பிறகு முழுத் தாளும் கொம்மாவுக்குத்தானே. அந்தக் காலாண்டுகள் எங்கை போனது? நீதானே எல்லாத்துக்கும் பட்டியல் போடுறனி, இதுக்கும் போடு. ட்ரொண்ட்ஹைமிலை படிக்கேக்கை கோடைக்குக் கோடை, நத்தாருக்கு நத்தார் வந்து நிண்டு, ஆற்றை ஷிப்டைச் செய்தனி?"

மாமி துவாயை மறுபடி கையில் எடுத்தார்.

"படிக்கிற பிள்ளை கடன் எடுக்கக்கூடாதெண்டு கொம்மா அந்த மனிசியிட்டைப் போய்க் கேட்டு உன்ரை பேரைப் போடுவிச்சவ. எனக்குத் தெரியும், நான் பக்கத்திலை நிண்டனான். எழுதச் சொல்லு, எழுதுறன். எழுதினால் உன்ரை பேரையும் சேர்த்துத்தான் எழுதவேணும்."

"எழுதுங்கோ," என்றேன்.

மாமி எழுதவில்லை. இரண்டு நாளில் விமானம் ஏறிவிட்டார்.

7

அதே நிதியத்தில் என்னுடைய பக்கத்தை நான் பலமுறை திறந்து பார்த்திருக்கிறேன். என் சேவைக்காலம் நான் பட்டம் பெறுவதற்கு முன்பே தொடங்குகிறது. அங்கொன்று இங்கொன்றாகச் சில காலாண்டுகள். மாணவர்களின் விடுமுறை வேலையைக்கூடச் சேர்க்கிறார்களே, எவ்வளவு நேர்மையான அமைப்பு என்று நினைத்திருக்கிறேன். ஒருமுறை, ஊரிலிருந்து வந்த ஒரு நண்பிக்கு இதைப் பெருமையாகக் காட்டியும் இருக்கிறேன். இந்த நாடு எதையும் மறக்காது என்று.

அம்மாவின் பக்கத்தையும் என் பக்கத்தையும் அருகருகே வைத்தேன். அவருடைய வெள்ளையில் ஒரு பகுதி என்னிடம் கறுப்பாக இருந்தது.

அம்மாவிடம் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"நீ செய்தாய், உனக்குப் பதிஞ்சாங்கள். அதிலை என்ன பிழை?"

"உங்களுக்குத் தெரியுமோ, அது உங்களுக்குச் சேராமல் போகுமெண்டு?"

"தெரிஞ்சால்?" என்றார். "தெரிஞ்சிருந்தால் மட்டும் உன்னைக் கடன் எடுக்க விட்டிருப்பனே?" பிறகு கத்தியை நிறுத்தி யோசித்தார். அம்மா பொய் சொல்வதில்லை. "தெரியாது. தெரிஞ்சிருந்தால் பாதியைத்தான் தந்திருப்பன்."

மாமியின் கடிதத்துக்குப் பதிலாக என் கடிதத்தை வைத்தேன். நானும் அந்த வார்டில் வேலை செய்தவள்தானே. அந்த ஏற்பாட்டை எழுதினேன், அதில் எனக்குக் கிடைத்த காலாண்டுகளையும் எழுதினேன். கடைசியில் ஒரு வேண்டுகோள்: முடியுமானால் என்னுடைய அந்தக் காலத்தை எடுத்து அம்மாவிடம் சேருங்கள். எனக்கு முப்பது வருடம் நிரம்ப இன்னும் நாள் கிடக்கிறது.

பதில் விரைவாகவே வந்தது. மரியாதையான பதில். காலம், வேலை செய்தவருக்கே உரியது. வேலையை விட்டுக்கொடுத்தவருக்கு அதில் உரிமை எழாது. ஒருவருடைய காலத்தை இன்னொருவருக்கு மாற்றுவதற்கு விதியில் இடமில்லை. மாமியின் பென்சனை யாரும் தொடவில்லை. அவர் பயந்ததற்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. என்னுடையதையும் யாரும் தொடவில்லை.

அம்மா தன் மேலங்கி விலையைக் கட்டினார். மிச்சச் சீட்டுக்காசு வங்கியில் கிடக்கிறது. மாதாமாதம் அதற்கான கட்டுக்காசும் போய்க்கொண்டிருக்கிறது. வாங்கின காலாண்டுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். இந்தக் கோடைக்கு வேலையை விடமுடியாது. அடுத்த கோடைக்கும் முடியாது. வேலையைப் பாதியாகக் குறைத்து இன்னும் மூன்று வருடம் போகவேண்டும். இப்போதைய விதியில் ஒவ்வொரு மணித்தியாலமும் சேரும். இதை நான்தான் அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். இரண்டுமுறை, தாளில் கோடு போட்டு.

"ஒண்டும் வீணாப் போகாதோ?"

"ஒண்டும் போகாது அம்மா. ஆனால் உங்கடை பேரிலை இருக்கவேணும்."

ஈஸ்டருக்கு முந்திய வாரம் அம்மாவுக்கு ஒரு போன் வந்தது. தோள் காரணமாக அம்மா போனை மேசையில் வைத்துச் சத்தமாகப் போட்டுத்தான் கதைப்பார், ஆகவே எனக்கும் கேட்டது. துவாரகா என்றொரு பிள்ளை, வவுனியா. வந்து இரண்டு வருடமாகிறது. இப்போது அம்மா வேலை செய்கிற இல்லத்தில் கூப்பிட்டால் வருகிற ஆள்.

"அன்ரி, குறை நினைக்காதைங்கோ. உங்கடை ஈஸ்டர் ஷிப்ட் ரெண்டையும் எனக்குத் தருவியளோ? அவரை இங்கை கூப்பிட விண்ணப்பம் போட்டிருக்கிறன். வருமானம் கொஞ்சம் காணாதெண்டு திருப்பி அனுப்பிப் போட்டாங்கள். இந்த மாசத் துண்டிலை காட்டினால்…"

அம்மா என்னைப் பார்த்தார். நான் முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. அது எனக்கு நன்றாக வரும்.

"இல்லைப் பிள்ளை," என்றார் அம்மா. "தர ஏலாது. எனக்கு வேணும்."

"ஐயோ, பரவாயில்லை அன்ரி. சும்மாதான் கேட்டனான்."

"வேறை ஆரிட்டையும் கேட்டுப் பார்."

"ஓம் அன்ரி."

போன் அணைந்த பிறகும் அம்மா மேசையைவிட்டு எழவில்லை. நோர்வேக்கு வந்து இத்தனை வருடத்தில் அவர் தன் முறையை ஒருவருக்கு இல்லையென்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தடவை.

"நீங்கள் செய்தது சரி அம்மா," என்றேன்.

"சரியெண்டு எனக்கும் தெரியும்." போனைத் திருப்பி வைத்தார். "அந்தப் பெடியன் எங்கை நிண்டு காத்துக்கொண்டிருக்கிறானோ. அதையாவது கேட்டிருக்கலாம்."

ஈஸ்டர் ஷிப்ட் இரண்டையும் அம்மாவே செய்தார். இரண்டும் அவருடைய பக்கத்தில் பதிவாகியிருக்கின்றன. பார்த்தேன்.